ஹெல்ப் என்னும் சொல்லின் சரித்திரம்

ஆங்கிலத்தில் ‘ஹெல்ப்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. உதவு என்பது அதன் பொருள். அந்தச் சொல் எடுக்கும் உருவங்கள் மொத்தம் நான்குதான்: ஹெல்ப், ஹெல்ப்ஸ், ஹெல்ப்ட், ஹெல்ப்பிங். நம் பாஷையிலோ உதவு என்னும் பகுதியை எடுத்துக்கொண்டு உதவினேன், உதவினாய், உதவினான், உதவினாள், உதவியது, உதவினோம், உதவினீர்கள், உதவினார்கள், உதவின என்று இறந்தகாலத்தை மட்டும் சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஒன்பது உருவங்கள் வந்துவிடுகின்றன. நிகழ்காலமும் எதிர்காலமும் எச்சங்களும் ஏவலும் வியங்கோளும் எதிர்மறையும் இன்னும் வாசலில் காத்து நிற்கின்றன. லத்தீன் பாஷையிலும் ஒரு வினைக்கு நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் உண்டு. இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நான்கே உருவங்களை வைத்துக்கொண்டு காலம், கட்டளை, விருப்பம், சந்தேகம், நிபந்தனை ஆகிய அத்தனையையும் ஆங்கிலம் எவ்வாறு தெரிவிக்கிறது என்ற கேள்வி எவர் மனத்திலும் எழ வேண்டும். எழுந்தால், அதற்கு விடை தேடிப் போகிற வழியிலேயே அந்த மொழியின் வினை இலக்கணம் முழுவதும் நமக்கு வசப்பட்டுவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் பள்ளிக்கூடங்களில் அந்தக் கேள்வி எழுவதற்கு இடம் கொடுப்பதில்லை. நான் படித்த காலத்தில் ஆசிரியர் கரும்பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்துப் பன்னிரண்டு கட்டங்கள் வரைவார். முக்காலத்துக்கும் தனித்தனியே நான்கு வகை என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியத்தை எழுதுவார். நாங்கள் அதைப் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல உரக்க ஒப்பிப்போம். கட்டங்கள் மனப்பாடம் ஆயின. ஆனால் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்தக் கட்டங்கள் ஆங்கிலத்தின் சொந்த ஆஸ்தியும் அல்ல. 1586இல் வில்லியம் புல்லோக்கர் என்பவர் ஆங்கிலத்துக்கென்று முதல் இலக்கணத்தை அச்சிட்டபோது, அக்காலத்துப் பள்ளிகளில் வழங்கிவந்த வில்லியம் லிலியின் லத்தீன் இலக்கணத்தையே அச்சாக வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பண்டிதர்களும் நெடுங்காலம் அந்த வழியிலேயே நடந்தார்கள். லத்தீன் வினை, ஒரே சொல்லின் வாலில் விகுதியை மாற்றி மாற்றிக் காலம் காட்டுவது. அதற்குக் கட்டம் பொருந்தும். ஆங்கில வினையோ சிறு சிறு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்திக் காலம் காட்டுவது. அதைக் கட்டத்துக்குள் அடைக்கும்போது வரிசையின் ரகசியம் மறைந்துவிடுகிறது.

அந்த ரகசியத்துக்குப் போகுமுன் ஹெல்ப் என்னும் சொல்லின் பூர்வ கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று அது ஒழுங்கு வினை. அதாவது, கடைசியில் டகர ஒலியைச் சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடும் சாதுவான வினை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது அப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஹெல்பன்’ என்பது உதவுதல். ஒருவன் உதவினான் என்பதற்கு ‘ஹெயல்ப்’, பலர் உதவினார்கள் என்பதற்கு ‘ஹுல்பொன்’, உதவப்பட்ட என்பதற்கு ‘ஹோல்பென்’. நடுவில் உள்ள உயிரெழுத்து மாறி மாறிக் காலத்தைக் காட்டிற்று. இன்றும் ஸிங், ஸேங், ஸங் என்று பாடுதல் என்னும் வினை மாறுகிறதே, அதே ஜாதி. ‘ஹோல்பென்’ என்னும் உருவம் எளிதில் சாகவும் இல்லை. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது.

ஜெர்மானியக் குடும்பத்து வினைகளை முறையாக வகுத்தவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து உலகப் புகழ் பெற்ற அதே கிரிம்தான். 1819இல் தொடங்கி அவர் வெளியிட்ட ஜெர்மன் இலக்கணத்தில், உள்ளிருக்கும் உயிரை மாற்றித் தன் பலத்தாலேயே இறந்தகாலத்தை உண்டாக்கிக்கொள்ளும் வினைகளை வலியவை என்றும், வெளியிலிருந்து ஒரு விகுதியைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும் வினைகளை மெலியவை என்றும் பெயரிட்டார். அந்தக் கணக்கில் ஹெல்ப் வலிய வினையாகப் பிறந்து மெலிய வினையாக மாறியது.

துணைக்கு அழைக்கப்பட்ட அந்த விகுதி எங்கிருந்து வந்தது என்பது மொழிநூலில் மிக ரசமான விஷயங்களுள் ஒன்று. ஆங்கிலத்துக்கு உறவான காத்திக் என்னும் பாஷை இன்று வழக்கில் இல்லை, ஆனால் கி.பி. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் அதில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். அதன் ஏடுகள், ஊதா நிறம் ஊட்டிய தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்டவை, ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பாஷையில் ‘தைலம் பூசினோம்’ என்பதற்கு ‘ஸல்போதேதும்’ என்ற உருவம் உண்டு. அதன் பின்பாதியில் ஒலிக்கும் ‘தேதும்’ என்பது, செய்தல் என்று பொருள்படும் பழைய வினையொன்றின் இறந்தகாலமே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். ஆக, பூசினோம் என்பது ஆதியில் ‘பூச்சுச் செய்தோம்’. காலப்போக்கில் ‘செய்தோம்’ தேய்ந்து தேய்ந்து ஒரே ஒரு டகரமாக எஞ்சியது. ஆங்கிலத்தில் ‘டூ’ என்றும் ‘டிட்’ என்றும் வழங்குவது அதே வினைதான். ஹெல்ப்ட் என்று நாம் சொல்லும்போது அதன் கடைசியில் கேட்கும் சிற்றொலி, ‘செய்தேன்’ என்ற முழுச் சொல்லின் எச்சம் என்பதை நினைத்துப் பார்க்கும்தோறும் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை.

மெலியவை என்று கிரிம் பெயரிட்டாரே தவிர, சரித்திரத்தில் ஜெயித்தவை அவைதாம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தன. வந்த வினைகளுக்கு உயிர் மாற்றும் பரம்பரை வித்தை தெரியாது. வாசலில் நின்ற டகர விகுதி எவரையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. சர்வ், சேஞ்ச், ப்ரே எல்லாம் சர்வ்ட், சேஞ்ச்ட், ப்ரேய்ட் ஆயின. பிடித்தல் என்று பொருள்படும் கேட்ச் ‘காட்’ என்று மாறித் தனிவழி சென்றது ஒரு விநோதம். அந்தக் கதவு பிறகு மூடவே இல்லை. நம் நாட்டு இந்துஸ்தானியிலிருந்து போன ‘லூட்’ அங்கே லூட்டெட் ஆயிற்று. ‘ஷாம்பூ’ கூட ஷாம்பூட் ஆயிற்று. நேற்றுப் பிறந்த ‘கூகிள்’ என்னும் வினை இன்று கூகிள்ட் என்று கூச்சமில்லாமல் உலாவுகிறது.

பழைய வலிய வினைகளும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் சாய்ந்தன. 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீபர்மன், மிஷேல் முதலியோர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 ஒழுங்கற்றவையாகவே இருந்தன. இன்று அப்படி இருப்பவை 98. அடிக்கடி நாவில் புழங்கும் வினை மெதுவாகவும், அபூர்வமாகப் புழங்கும் வினை விரைவாகவும் ஒழுங்குக்கு வந்திருப்பதையும் அவர்கள் கண்டார்கள். நூறு மடங்கு குறைவாக வழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக மாறுகிறதாம். நாள்தோறும் காதில் விழும் உருவத்தைக் குழந்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. எப்போதோ விழுவதை மறந்துவிட்டுப் பொதுவிதியைப் போட்டுச் சமாளிக்கிறது. ‘இரு’, ‘போ’, ‘வா’ போன்ற வினைகளே பல மொழிகளிலும் அதிகமாக முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுவே. எதிர்த்திசையில் போன வினைகளும் சில உண்டு. தோண்டினான் என்பதற்கு ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் உள்ள ‘டிக்ட்’ ஒழுங்கானது. இன்று வழங்கும் ‘டக்’தான் ஒழுங்கற்றது.

குழந்தை பொதுவிதியைப் போடுகிறது என்றேனே, அது வெறும் ஊகம் அல்ல. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்கப் பெண்மணி நான்கு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம் படங்களைக் காட்டி ஒரு சோதனை செய்தார். ஒரு படத்தில் ஒருவன் ஏதோ வித்தை செய்கிறான். அதற்கு ‘ரிக்’ என்று பெயர் வைத்து, நேற்றும் இதையே செய்தான், நேற்று என்ன செய்தான் என்று கேட்டார். ரிக் என்பது எந்த அகராதியிலும் இல்லாத அர்த்தத்தில், சோதனைக்கென்றே கற்பிக்கப்பட்ட சொல்; ஆதலால் ‘ரிக்ட்’ என்ற உருவத்தைக் குழந்தை எவர் வாயிலும் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் ரிக்ட் என்றே பதில் சொன்னார்கள். ஒருவரும் கற்பிக்காத விதி அந்தப் பிஞ்சு மனங்களில் அப்போதே குடிகொண்டிருந்தது. அதே குழந்தைகள் ‘மாட்’ என்று டகரத்தில் முடியும் புதுச் சொல்லைக் கொடுத்தபோது தடுமாறினார்கள். ஏற்கனவே டகரம் இருக்கிறதே, போதாதா என்று அவர்கள் காதுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் உச்சரிப்பைப் பற்றிச் சொல்வது அவசியம். நம்மவர் அதிகம் இடறுவது இங்கேதான். எழுத்தில் இ, டி என்று ஒரே விதமாக எழுதினாலும் அந்த விகுதிக்கு மூன்று ஒலிகள் உண்டு. ஹெல்ப், வாக், வாஷ் போலக் குரல் எழாத வல்லொலியில் முடிந்தால் விகுதியும் வல்லென்று ஒலிக்கும். ப்ளே, ஓப்பன், லவ் போலக் குரலோடு முடிந்தால் விகுதியும் குரலோடு மெல்ல ஒலிக்கும். வாண்ட், நீட் போல டகரத்திலேயே முடிந்தால் மட்டும் இடையில் ஓர் உயிர் தோன்றி வாண்டெட், நீடெட் என்று தனி அசையாகும். நம் எழுத்தில் முதல் இரண்டுக்கும் ட் ஒன்றே குறியாக இருப்பதால் வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. காதால்தான் பழக வேண்டும். இதில் நமக்கு அந்நியமானது ஒன்றும் இல்லை. இறந்தகால இடைநிலைகளாகப் பவணந்தி முனிவர் நன்னூலில் த், ட், ற், இன் என்று நான்கைச் சொல்கிறார். செய்தான், கண்டான், வென்றான் என்ற மூன்றிலும் முன்னே நிற்கும் மெய்யின் சுபாவத்துக்கு ஏற்ப இடைநிலை நிறம் மாறுகிறது. காண்தான் என்று நம் வாய் சொல்ல மறுப்பது எதனாலோ அதனாலேயே ஆங்கிலேயன் வாயும் தன் விகுதியை மாற்றிக்கொள்கிறது. இரு மொழியிலும் இறந்தகாலம் பல்லையும் அண்ணத்தையும் ஒட்டிய ஒலியால் அமைந்திருப்பதைக் கண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது, அது தற்செயல்.

‘ஹெல்பெட்’, ‘வாக்கெட்’ என்று இரண்டசையாக உச்சரிக்கும் மாணவனை வகுப்பில் நகைப்பதைக் கண்டிருக்கிறேன். அவன் சொல்வது இன்றைக்குப் பிழை என்பது மெய்யே. ஆனால் பழங்காலத்தில் இங்கிலாந்திலும் அந்த விகுதியைத் தனி அசையாகவே ஒலித்தார்கள். உயிர் விழுந்து சொல் சுருங்கியது பின்னால் நேர்ந்தது. 1712இல் ஜோனதன் ஸ்விஃப்ட், ஆங்கிலத்தைச் செப்பம் செய்ய வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு எழுதி அச்சிட்ட விண்ணப்பத்தில், கவிஞர்கள் இவ்வாறு உயிரை விழுங்கி மெய்களை மோதவிட்டு மொழியைக் கரடுமுரடாக்குகிறார்கள் என்று மனம் நொந்து முறையிட்டிருக்கிறார். அவர் வருந்திய அந்தச் சுருக்கமே இன்று இலக்கணம். கற்றறிந்த என்ற பொருளில் ‘லேர்னெட்’, புனிதமான என்ற பொருளில் ‘ப்ளெஸ்ஸெட்’ என்று ஒலிப்பவை போன்ற சில சொற்களில் மட்டும் பழைய அசை இன்னும் காதில் விழுகிறது.

எழுத்துக்கூட்டின் விதிகளில் அதிகம் தங்க வேண்டியதில்லை. ஸ்டாப் என்பதில் குறில் தன் குறுமையை இழக்காமல் இருக்க இறுதி மெய்யை இரட்டித்து எழுதுகிறார்கள். கேரி என்பதன் இறுதி ஒய், ஐ ஆகிறது. ப்ரிஃபர் என்பதில் அழுத்தம் பின்னசையில் விழுவதால் இரட்டிக்கிறது, விசிட் என்பதில் முன்னசையில் விழுவதால் இரட்டிப்பதில்லை. ஹெல்ப்ஸ் என்பதில் உள்ள ஸகரத்துக்கும் ஒரு கதை உண்டு. தென் இங்கிலாந்தில் படர்க்கை ஒருமைக்கு ‘ஹெல்பெத்’ என்பதே பழைய முறை. ஸகரம் வடநாட்டுக் கிராமிய வழக்கு. பத்தாம் நூற்றாண்டில் லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷப் பிரதியில் ஆல்ட்ரெட் என்ற குருவானவர் வரிகளுக்கிடையே எழுதிய உரையில் அந்த ஸகரம் ஏற்கனவே தலைகாட்டுகிறது. ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதினார். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் லண்டன் நகரமே வடநாட்டு வழக்குக்கு வசமாகிவிட்டது.

இனி, வரிசையின் ரகசியத்துக்கு வருவோம். ‘அவன் உதவவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘ஹீ டிட் நாட் ஹெல்ப்’ என்கிறோம். ஷேக்ஸ்பியர் காலத்தில் டிட் இல்லாமலேயே நேராகச் சொல்லும் வழக்கமும் இருந்தது. அதன் பின் எதிர்மறைக்கும் கேள்விக்கும் ‘டூ’ வந்து முன்னிற்பது கட்டாயமாயிற்று. நம் மாணவர் இங்கே ‘ஹீ டிட் நாட் ஹெல்ப்ட்’ என்று எழுதிவிட்டு, ஏன் தவறு என்று விளங்காமல் விழிக்கிறார்கள். விகுதியின் பிறப்பை அறிந்தவருக்கு இதில் குழப்பம் இல்லை. ஹெல்ப்ட் என்பதன் டகரமே பழைய ‘செய்தல்’ வினையின் எச்சம். முன்னே நிற்கும் டிட், அதே வினையின் முழு உருவம். முழு உருவம் வந்து நின்றுவிட்ட பிறகு அதன் நிழலுக்கு என்ன வேலை? நாமும் ‘உதவவில்லை’ என்று காலம் காட்டாத உதவ என்னும் எச்சத்தோடுதான் இல்லையைச் சேர்க்கிறோம்; ‘உதவினானில்லை’ என்று பேச்சில் எவரும் சொல்வதில்லை.

இப்போது நம் பாஷையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: உதவிக்கொண்டிருந்திருப்பான். நேற்று அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று கேட்டால், தன் தகப்பனாருக்கு உதவிக்கொண்டிருந்திருப்பான் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். அதே கருத்தை ஆங்கிலேயன் ‘ஹீ வில் ஹாவ் பீன் ஹெல்ப்பிங்’ என்பான். நம் சொல்லைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பிரித்துப் பாருங்கள். ஆன் என்னும் விகுதி, ஹீ. அதற்கு முன் உள்ள எதிர்கால இடைநிலையான ப், வில். அதற்கு முன் உள்ள இரு, ஹாவ். அதற்கும் முன் உள்ள இருந்து, பீன். கொண்டு என்பது இங். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் உதவி, ஹெல்ப். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வோர் உறுப்பு, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல். ஆனால் வரிசை மட்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திரும்பியிருக்கிறது. நம் மொழியில் காலமும் இடமும் காட்டும் பொறுப்பு வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தலையில் இருக்கிறது. எதிர்கால உருவத்தைக் கொண்டே நடந்துபோன ஒன்றைப் பற்றி ஊகம் சொல்லும் வழக்கமும் இரண்டுக்கும் பொதுவாயிருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த நாளில், பன்னிரண்டு கட்டங்களோடு நான் பட்ட பாடெல்லாம் வீண் என்று உணர்ந்தேன். எனக்குத் தாய்ப்பாலோடு வந்த ஒன்றையே அந்நிய வித்தை என்று எண்ணி மனப்பாடம் செய்திருக்கிறேன்.

வரிசையில் நிற்பவை ஒன்றையொன்று ஆளும் முறையும் சுலபமானது. வில், ஷால், கேன், மே, மஸ்ட் முதலியவை எப்போதும் முதலில் நிற்கும்; தமக்கு அடுத்து வருவது எதுவானாலும் வெறும் பகுதியாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. ஹாவ் தனக்கு அடுத்ததை டகர விகுதி ஏற்கச் செய்யும்; அடுத்தது பீ ஆனால் அதைப் பீன் ஆக்கும். பீ என்பது, தொழில் நடந்துகொண்டிருக்கும் நிலையைக் காட்டினால் அடுத்ததை இங் ஏற்கச் செய்யும். செயப்பாட்டைக் காட்டினால் டகரம் ஏற்கச் செய்யும். வரிசையின் முதலாவது மட்டும் காலத்தைத் தாங்கும். இவ்வளவுதான் சட்டம். 1957இல் நோம் சாம்ஸ்கி வெளியிட்ட ‘வாக்கிய அமைப்புகள்’ என்ற பொருள்படும் சிறு நூலில், ஆங்கிலத் துணைவினைகளின் இந்த ஒழுங்கை ஒரே வரிச் சூத்திரமாக அடக்கிக் காட்டினார்; மொழியியலில் பெரிய திருப்பத்தை உண்டாக்கிய அந்நூலின் புகழுக்கு அந்தச் சூத்திரமும் ஒரு காரணம். ‘ஹீ ஷுட் ஹாவ் பீன் ஹெல்ப்ட்’ என்பதை இந்தச் சட்டப்படி ஒவ்வொரு படியாகச் சரிபார்க்கலாம். பிறகு ‘அவனுக்கு உதவி செய்யப்பட்டிருக்க வேண்டும்’ என்பதைப் பின்னிருந்து வாசித்தால், வேண்டும், இருக்க, பட்டு, செய்ய என்று மறுபடியும் அதே பிம்பம் தெரியும்.

பிம்பம் ஓரிடத்தில் சற்றுக் கலங்குகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஹாவ் என்பதன் மூலப்பொருள் உடைமை. ‘கட்டிய படகு ஒன்று என்னிடம் இருக்கிறது’ என்ற கருத்துள்ள வாக்கியமே நாளடைவில் ‘படகைக் கட்டியிருக்கிறேன்’ என்று பொருள் மாறியது. கையில் இருப்பது இப்போது இருப்பது. ஆகையால் பிரசன்ன காலத்தின் வாசனை அதை விட்டு நீங்கவில்லை. நேற்று என்று நாள் குறித்த உடனே ஆங்கிலேயன் ஹாவைக் கைவிட்டு ஹெல்ப்ட் என்று நேர் இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறான். நமக்கோ ‘நேற்றே உதவியிருக்கிறான்’ என்பதில் நெருடல் இல்லை. அதனாலேயே நம்மவர் ஆங்கிலத்தில் நேற்றையும் ஹாவையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். இது அறியாமையால் வரும் பிழை அல்ல, தாய்மொழியின் நியாயத்தை வேற்றூரில் செலுத்துவதால் வரும் பிழை. ஆசிரியர்கள் இதைக் கண்டிக்கும்போது இந்த வித்தியாசத்தை ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் மாணவன் மறுபடி இடறமாட்டான்.

எதிர்காலத்துக்கு ஆங்கிலத்தில் விகுதியே கிடையாது. வில் என்பதற்கு ஆதியில் விரும்புதல் என்றும், ஷால் என்பதற்குக் கடன்படுதல் என்றும் பொருள். விருப்பமும் கடமையும் நாளையை நோக்கியவையாதலால் அவை காலம் காட்ட வந்தன. தன்மைக்கு ஷால், மற்ற இடங்களுக்கு வில், உறுதி கூறும்போது இரண்டும் இடம் மாறும் என்று முதியவர்கள் சிரமப்பட்டுப் படித்த விதியை ஏற்படுத்தியவர் ஜான் வாலிஸ். 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் அதை வகுத்தார். கணிதத்தில் முடிவிலிக்கு எட்டைப் படுக்கவைத்தாற்போன்ற குறியை வழங்கியவரும் அவரே. குறி உலகமெங்கும் நிலைத்தது. ஷால் பற்றிய விதி இன்று இங்கிலாந்திலேயே தளர்ந்துவிட்டது.

காலத்தைப் போலவே மனோபாவத்தையும் வினை காட்ட வேண்டும். ஏவலுக்கு வெறும் பகுதி போதும்: ஹெல்ப். நிபந்தனையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘இஃப் யூ ஹெல்ப்ட் ஹிம், ஹீ வுட் பாஸ்’ என்றால், உதவுவது இன்னும் நடக்கவில்லை, நடக்குமா என்பதும் சந்தேகம். ஆயினும் வினை இறந்தகால உருவத்தில் நிற்கிறது. நடக்காததற்கு நடந்துபோன உருவமா என்று திகைக்கலாம். ‘நீ உதவினால் அவன் தேறுவான்’ என்று நாம் சொல்லும் உதவினால் என்பதற்குள்ளும் நன்னூலார் சொன்ன இன் என்ற இறந்தகால இடைநிலை ஒளிந்திருப்பதை உற்று நோக்கினால் திகைப்பு அடங்கும். ஒன்றை மனத்தில் நடந்ததாக வைத்துக்கொண்டு அதன் பலனை ஆராய்வதே நிபந்தனை. இரு ஜாதியாரும் தனித்தனியே அதே வழியைக் கண்டிருக்கிறார்கள்.

நம் வியங்கோளுக்கு நிகரான ஓர் உருவம் பழைய ஆங்கிலத்தில் செழித்திருந்தது. விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தபோது அதுவும் உதிர்ந்தது. ஒழுங்கு வினையில் அதன் அடையாளமாக இன்று எஞ்சியிருப்பது படர்க்கை ஒருமையில் ஸகரம் இல்லாமை ஒன்றே. ‘தே இன்சிஸ்ட் தட் ஹீ ஹெல்ப்’ என்றால், அவன் உதவ வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள் என்பது பொருள். ஹெல்ப்ஸ் என்றால், அவன் உதவிவருவது மெய் என்று சாதிக்கிறார்கள் என்று பொருள் மாறிவிடும். 1926இல் ஃபௌலர் தம் புகழ்பெற்ற பிரயோக அகராதியில் இந்த உருவம் பெரும்பாலும் மரணத் தறுவாயில் இருப்பதாகக் கருதினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில், சிறப்பாக அமெரிக்காவில், வற்புறுத்தலையும் கோரிக்கையையும் சொல்லும் வாக்கியங்களில் அது புது உயிர் பெற்றது.

அமெரிக்காவில் 1789இல் நீதிமன்றங்களை அமைத்த சட்டம், நீதிபதிகள் பதவியேற்கும்போது சொல்ல வேண்டிய பிரமாணத்தை வகுத்திருக்கிறது. அது ‘ஸோ ஹெல்ப் மீ காட்’ என்று முடிகிறது. காட் என்பது படர்க்கை ஒருமை. ஆகையால் ஸகரம் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால், கடவுள் எனக்கு உதவுகிறார் என்று ஒரு செய்தியைத் தெரிவித்ததாக ஆகும். ஸகரம் இல்லாமல் அந்தச் சொல் வெறுமனே நிற்பதனால், கையை உயர்த்தி நிற்கிற மனிதன், கடவுள் எனக்கு உதவுவாராக என்று வேண்டிக்கொள்கிறான்.